மகஜரில் இல்லாத ஆமை

பறிமுதல் செய்யப்படும் பொருட்களுள் உயிருள்ளது எதுவும் இருக்குமானால், கைப்பற்றிய அலுவலர் அதைத் தாமதமின்றி உரிய துறையின் அலுவலரிடம் ஒப்படைத்து, ஒப்புகை பெற்று, அந்த ஒப்புகையைக் கோப்பில் சேர்க்க வேண்டும். விதி இவ்வளவுதான். புரியாத சொல் ஒன்றும் இதில் இல்லை. வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். 'தாமதமின்றி' என்றால் அன்றைக்கே, ஆபீஸைப் பூட்டுவதற்கு முன்னால் என்று அடிக்கோடு போட்டுச் சொல்லியிருக்கிறேன்.

இந்த விதியை நான் ஒரே ஒரு முறை கடைப்பிடிக்காமல் விட்டேன். அதனால்தான் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு மே மாதக் கடைசியில், புனேயில் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, மதுரையில் மல்லாந்து கிடந்த ஓர் ஆமையைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது.

அந்த விதிமீறல் நடந்தபோது நான் ஒரு தாலுகா அலுவலகத்தில் துணை வட்டாட்சியர். பொங்கலுக்கு முந்தைய நாள். ஆற்று மணலைத் திருடிக்கொண்டு போன டிராக்டர் ஒன்றை மடக்கினோம். ஓட்டி வந்தவர் வண்டியை நடுவழியில் விட்டுவிட்டுக் கரும்புக்குள் ஓடிவிட்டார். இருக்கைக்குப் பின்னால் ஒரு பெயின்ட் வாளி இருந்தது. வாளிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு நட்சத்திர ஆமை. கைப்பற்றியவற்றைப் பட்டியலிட்டு நான் மகஜர் எழுதினேன்: டிராக்டர் ஒன்று, டிரெய்லர் ஒன்று, மண்வெட்டி இரண்டு, ஆமை ஒன்று.

மேலதிகாரி மகஜரைப் படித்துக்கொண்டே வந்து நான்காவது வரியில் நின்றார். ஓரத்தில் பச்சை மையில் "பேசுக" என்று எழுதினார். போய்ப் பேசினேன்.

"என்னய்யா இது, ஆமை?"

"வாளியில இருந்துச்சு சார்."

"அது வாளியிலயே இருந்திருக்கலாம். நீங்க மகஜர்ல ஏத்திட்டீங்க. இதுக்கு வனத்துறைக்கு எழுதணும், அவங்க வரணும், கோர்ட்டுக்குக் கொண்டு போகணும். நாளையில இருந்து லீவு. அதுவரைக்கும் யாரு இதுக்குத் தீனி போடுறது, நானா?"

"வேற என்ன செய்யிறது சார்?"

"வீட்டுக்குக் கொண்டு போங்க. லீவு முடிஞ்சதும் பாத்துக்குவோம்."

மகஜர் மறுபடி எழுதப்பட்டது. இந்த முறை மூன்று வரிகள். லீவு முடிந்தது. அடுத்த சில வாரங்களில் அவருக்கு மாறுதல் வந்தது. புதிதாக வந்தவரிடம் சொல்லலாம் என்றால், ஆமை எந்தக் கோப்பிலும் இல்லை. கோப்பில் இல்லாததை ஒப்படைக்க வழி கிடையாது. ஒப்படைக்க வேண்டுமானால் அது எப்படி வந்தது என்று எழுத வேண்டும். எழுதினால் முதல் மகஜரைக் கிழித்துப் போட்ட கதையும் எழுத வேண்டும். அரசாங்க மொழியில் இந்த நிலைமைக்கு 'மறு உத்தரவு வரும் வரையிலான தற்காலிக ஏற்பாடு' என்று பெயர். அந்தத் தற்காலிக ஏற்பாடு எங்கள் திருநகர் வீட்டுக் கொல்லையில் இருபத்திரண்டு ஆண்டுகள் நடமாடியது.

என் மனைவி அதை "கேஸு" என்றுதான் சொல்வாள். "உங்க கேஸு இன்னைக்கு ரெண்டு பூ கூடத் தின்னுச்சு." "கேஸு குளியலறை வாசல்ல படுத்துக்கிட்டு நகரமாட்டேங்குது." முதல் நாள் பார்த்தபோது, "ஆமைய எவனாச்சும் வீட்டுக்குள்ள கொண்டாருவானா?" என்றவள், இரண்டாம் நாள் தக்காளியை நறுக்கிப் போட்டாள். அக்கம்பக்கத்தில் அந்த இரண்டாம் நாள் வரவேயில்லை. எனக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனது, மனைவிக்குக் கர்ப்பப்பை எடுத்தது, மாடியில் ஒழுகியது, எல்லாவற்றுக்கும் தெருவில் ஒரே காரணம் சொன்னார்கள். பதவி உயர்வு வந்தபோது மட்டும் அது என் உழைப்பால் வந்தது என்றார்கள்.

சட்டப்படி நான் குற்றவாளி. வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள உயிரினத்தை அனுமதிச் சான்றில்லாமல் வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற அன்று, அரசுக்குச் சேர வேண்டியது எதுவும் என் வசம் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அரசுக்குச் சேர வேண்டியது கொல்லையில் செம்பருத்தி தின்றுகொண்டிருந்தது.

இந்த ஆண்டு மகளுக்கு முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை. இரண்டு மாதம் கட்டிலை விட்டு எழக் கூடாது. மருமகன் கப்பலில் இருக்கிறார். நாங்கள் இருவரும் போயே ஆக வேண்டும். வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்ளத் தெருவில் நான்கு பேர் தயார். ஆமை என்றதும் நான்கு பேருக்கும் அந்த மாதம் முழுக்க வேலை வந்துவிட்டது. கடைசியில் கீரை விற்கும் அம்மாள் ஒப்புக்கொண்டார், நிபந்தனையோடு.

"அய்யா, கீரைய உள்ள போட்டுருவேன். தட்டுல தண்ணி ஊத்திருவேன். அத மட்டும் தொட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"தொட வேண்டாம்மா. உயிரோட இருக்கான்னு பாத்தாப் போதும்."

"அதையும் நீங்களே பாத்துக்கங்க. எனக்கு அது தூங்குதா செத்துப்போச்சான்னே தெரியாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனவே கேமரா. ஆரப்பாளையத்துக் கடையிலிருந்து ஒருவர் வந்து மூன்று மாட்டினார். ஏணியில் ஏறி நின்றவர் சுவரில் எட்டடி உயரத்தில் துளை போட ஆரம்பித்தார்.

"தம்பி, கீழ வைங்க. முழங்கால் உயரம் போதும்."

"அண்ணே, அங்க வச்சா திருடன் காலுதாண்ணே தெரியும். மூஞ்சி வேணாமா?"

"எனக்குத் திருடன் மூஞ்சி வேண்டாம். ஆமை மூஞ்சி வேணும்."

ஏணியில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். "வெளையாடாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு எட்டடியிலேயே மாட்டினார். ஆமை வளர்ப்பதை நான் அதற்கு மேல் விளக்க முடியாது. விளக்கினால் சாட்சி ஒருவர் கூடுகிறார்.

ஆக, புனேயில் எனக்குக் கிடைத்தது ஆமையின் முதுகு. காலையில் எழுந்ததும் மூன்று கேமராவிலும் தேடுவேன். அசைவு கண்டால் கைப்பேசிக்குச் செய்தி வரும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வந்தது. அணில் ஓடினால் வந்தது, பூனை வந்தால் வந்தது, கொடியில் விட்டுவந்த துண்டு ஆடினால்கூட வந்தது. ஆமை கொல்லையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போனால் மட்டும் வரவில்லை. அவ்வளவு மெதுவாகப் போவதை அந்தக் கருவி அசைவாகவே கணக்கில் எடுக்கவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் அரசுக் கோப்புகளை நகர்த்தியவனுக்கு இது புதிதாகத் தெரியவில்லை.

அதனால் நானே பார்த்தாக வேண்டியிருந்தது. பார்த்துப் பார்த்து, அந்தக் கொல்லையைப் பற்றி அங்கே வாழ்ந்த காலத்தில் தெரியாததெல்லாம் தெரிந்துகொண்டேன். கிழக்கே பக்கத்து வீட்டுச் சுவர். காலையில் அதன் நிழல் கடப்பைக் கற்களின் மேல் விழும். ஓரடிக் கல். எட்டரைக்கு ஏழு கல் நிழல், ஒன்பதே முக்காலுக்கு ஐந்து, பத்தேகாலுக்கு நான்கு. பதினொன்றுக்குச் சுவரோரம் இரண்டு கல்லைத் தவிர எல்லாம் வெயில். மே மாத வெயில். ஆமைக்கும் இந்தக் கணக்குத் தெரியும். பத்து மணிக்குள் துவைகல்லுக்கு அடியில் போய்விடும்.

அன்று ஒன்பதே முக்காலுக்கு நான் பார்த்தபோது அது நான்காவது கல்லில் கிடந்தது. முதுகின் மஞ்சள் கோடுகள் இல்லை. வெளிறிய அடிப்பக்கம் வானத்தைப் பார்த்திருந்தது. நான்கு கால்களும் காற்றில் துழாவிக்கொண்டிருந்தன.

எப்படி நடந்தது என்பது படத்திலேயே தெரிந்தது. தண்ணீர்த் தட்டைக் காக்கை கவிழ்த்துவிடக் கூடாது என்று தட்டுக்கு இருபுறமும் செங்கல் வைத்துவிட்டு வந்திருந்தேன். முன்னெச்சரிக்கை. தட்டில் தண்ணீர் வற்றியிருந்தது. உள்ளே எட்டிப் பார்க்கச் செங்கல்லில் ஏறியிருக்கிறது. ஏறியது பின்பக்கமாகச் சரிந்து விழுந்திருக்கிறது.

கீரைக்கார அம்மாளைக் கூப்பிட்டேன். கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு குரல் சொன்னது. தங்கச்சி பேரனுக்குக் காது குத்து, மேலூர்ப் பக்கம் போகிறேன், இரண்டு நாள் வரமாட்டேன் என்று முந்தைய நாள் அவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பக்கவாட்டுக் கதவின் சாவியும் அவருடன் காது குத்துக்குப் போயிருந்தது.

ஆனையூரில் இருக்கும் பழைய சக ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டேன். "கெளம்புறேண்ணே" என்றார். அவர் கிளம்பி, ஊரின் வடகோடியிலிருந்து தென்கோடிக்கு வந்து, பூட்டிய கதவின் முன்னால் நிற்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர் முழங்கால் இரண்டிலும் உலோகம். சுவரேறச் சொல்ல முடியாது. வேண்டாம் என்றேன்.

மிச்சம் இருந்தது கிழக்குச் சுவருக்கு அந்தப்புறம். அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர். பதினெட்டு ஆண்டு அக்கம்பக்கம்.

"சொல்லுங்க சார், பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல. ஒரு அவசரம். எங்க கொல்லையில ஆமை மல்லாந்து கெடக்கு. நீங்க உள்ள வர வேண்டாம். உங்க பக்கம் ஸ்டூலு போட்டு ஏறி, ஒரு கம்ப விட்டுப் புரட்டிவிட்டாப் போதும்."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமும் பெண்கள் குரலும் கேட்டன. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னைக்கா சார்? பதினோரு மணிக்குப் பொண்ணு பாக்க வாராக."

"அஞ்சு நிமிஷ வேலைதான்."

"இது ஆறாவது எடம் சார். எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. உங்களுக்கே தெரியும். ஆனா வீட்டுல அம்புட்டுப் பேரும் கூடியிருக்காக. இன்னைக்குன்னு பாத்து நான் ஆமை மூஞ்சில முழிச்சு, இதுவும் தட்டிப்போச்சுன்னு வைங்க. ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவா."

"மூஞ்சில முழிக்க வேண்டியதில்ல. மல்லாந்துல்ல கெடக்கு. வயித்துலதான் முழிப்பீங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். "அவுக போனதும் மத்தியானம் பாக்குறேன் சார்" என்றார். மத்தியானம் பார்க்க என்ன இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

பத்து மணி தாண்டிவிட்டது. நிழல் நான்காவது கல்லின் விளிம்புக்கு வந்திருந்தது. கால்கள் நான்கும் ஒன்றாக அசைந்தது நின்று, ஒவ்வொன்றாக அசைந்தன. ஆமை மல்லாந்து கிடந்தால் அதன் எடையே அதன் நுரையீரலை அழுத்தும் என்று எங்கோ படித்தது. இந்த மாதிரி நேரத்தில் படித்ததெல்லாம் நினைவுக்கு வருகிறது.

இனி ஒரே ஒரு வழி. வனத்துறை அலுவலகம். வேறு எந்த அவசர எண்ணைக் கூப்பிட்டாலும் கடைசியில் போய்ச் சேரும் மேசை அதுதான். எண் என்னிடம் இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக, கைப்பேசிகள் மாறியபோதெல்லாம், அந்த எண்ணையும் மாற்றி எழுதி வைத்திருந்தேன். கூப்பிட்டதில்லை.

"கூப்புடுங்க" என்றாள் மனைவி.

"கூப்பிட்டா என்ன ஆகும்னு தெரியுமா?"

"என்ன ஆகும்?"

"குற்றத்த நானே ஒப்புக்கிட்டதா ஆகும். வழக்குப் போடலாம். பென்ஷன நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதலாம். ஆமைய எடுத்துட்டுப் போயிருவாங்க. எப்படியும் எடுத்துட்டுப் போவாங்க."

"இங்க பாருங்க, அது வாயத் தொறக்குது." கைப்பேசியை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "உங்கள ஜெயில்ல போட்டா போடட்டும். நான் சோறு கொண்டாந்து குடுக்குறேன். அதுக்கு எந்த ஆபீஸ்ல மனுப் போடணும்னு மட்டும் எழுதி வச்சுட்டுப் போங்க."

கட்டிலில் இருந்து மகள் கத்தினாள். "அப்பா, எனக்குத்தான் எந்திரிக்க முடியாது. உங்களுக்கு என்ன?"

கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

"என்ன ஆமைங்கய்யா?"

"நட்சத்திர ஆமை."

"யாரு வீட்டுல?"

"எங்க வீட்டுல."

"உள்ள வந்திருச்சா?"

இதுதான் வாசல். வயல்காட்டிலிருந்து தானாக வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் சுற்றிலும் வீடுகளாகவே இருக்கும் இடத்தில், பூட்டிய வீட்டுக்குள், தண்ணீர்த் தட்டுடன் இருக்கும் ஆமை அது. பொய் சொல்வதானால் கோப்பு தாங்குகிற பொய்யாகச் சொல்ல வேண்டும்.

"இல்லம்மா. இருபத்திரண்டு வருஷமா இருக்கு. சான்று ஏதும் இல்ல."

"அய்யா, என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான சொல்றீங்க?"

"தெரியும். பிரிவு எண் வேணும்னாலும் சொல்றேன். ஆளு அனுப்புங்கம்மா. வெயிலு வந்துருச்சு."

"எல்லாரும் வெளிய போயிருக்காங்க. வந்ததும் சொல்றேன். நீங்க எழுத்துல ஒண்ணு மெயில்ல அனுப்பி வைங்க. எழுத்துல இருந்தாத்தான் நான் உத்தரவு வாங்கி ஆளு அனுப்ப முடியும்."

என் பணிக்காலத்தில் எத்தனை பேரிடம் இதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பேன் என்று எண்ண எனக்கு நேரமில்லை. பதினோரு நிமிடத்தில் எழுதினேன். பெறுநர், பொருள், பார்வை. பார்வையில் 'ஏதுமில்லை' என்று போட வேண்டியிருந்தது. டிராக்டர், பெயின்ட் வாளி, கிழித்த மகஜர், வீட்டு முகவரி, கதவின் நிலை, ஆமை கிடக்கும் கல். இணைப்பு: கேமராவில் எடுத்த படம் ஒன்று. வாழ்நாளில் நான் எழுதிய கடிதங்களில் அடித்தல் திருத்தல் இல்லாதது அது ஒன்றுதான். பத்து இருபத்தேழுக்கு அனுப்பினேன்.

அனுப்பிவிட்டுப் பார்த்தால் நான்காவது கல் முழுக்க வெயில். ஒரு கால் மட்டும், வலது முன்கால், எப்போதாவது ஒருமுறை அசைந்தது.

அந்தக் கேமராவில் ஒலிபெருக்கி உண்டு. திருடனை அதட்டுவதற்கு. அதில் இருந்த பொத்தானை அழுத்தி நான் ஆமையிடம் பேசினேன். "காலை ஊணு. அந்தப் பக்கம் செங்கல் இருக்கு பாரு. செங்கல்ல ஊணு." படித்த மனிதன், எழுபதை நெருங்குகிறவன், ஆமைக்கு நடைமுறை சொல்லிக்கொடுத்தேன். அது காலை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு யாரிடம் என்று இல்லாமல் கத்தினேன். "யாராச்சும் இருக்கீங்களா? ஏங்க! யாராச்சும் இருக்கீங்களா?" ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் என் குரல் கொல்லைச் சுவர்களில் பட்டுத் திரும்பி என் கைப்பேசியிலேயே கேட்டது. அது என் குரல் மாதிரி இல்லை. என்னிடம் மனு கொடுக்க வந்து வெளியே காத்துக் கிடந்தவர்களின் குரல் மாதிரி இருந்தது.

எத்தனை முறை கத்தினேன் என்று தெரியாது. கிழக்குச் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பாதி மல்லிகைப் பூ வைத்த தலை. ஒரு பக்கச் சரம் குத்தியிருந்தது, இன்னொரு பக்கம் காதோரம் தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண். அன்று பார்க்க வந்துகொண்டிருந்தது அவளைத்தான்.

பட்டுச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒட்டடைக் கம்பை எங்கள் பக்கம் இறக்கினாள். முதல் முறை கம்பு வழுக்கி ஆமை அப்படியே சுற்றியது. இரண்டாவது முறை செங்கல்லோடு அணைத்துத் தள்ளினாள். பாதி எழுந்து மறுபடி விழுந்தது. என் மனைவி என் தோளை நகத்தால் பிடித்திருந்தாள். மூன்றாவது முறை புரண்டது.

முதுகின் மஞ்சள் கோடுகள் தெரிந்தன. அது அசையவில்லை.

"தண்ணி" என்றேன். "தண்ணி ஊத்தும்மா."

தலை கீழே போனது. ஒரு செம்போடு திரும்பி வந்தது. சுவருக்கு மேலிருந்து சாய்த்து ஊற்றினாள். ஓட்டின் மேல் தண்ணீர் விழுந்து வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, ஓட்டுக்குள்ளிருந்து மூக்கு நுனி மட்டும் வெளியே வந்தது.

அவள் கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, கத்தாதீங்க. கார் வந்துருச்சு. எங்கப்பாகிட்டச் சொல்லிறாதீங்க." உதட்டில் விரலை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

மணி பத்து ஐம்பது. கடிதம் போய் இருபத்து மூன்று நிமிடம்.

"சரியாயிருச்சுன்னு இன்னொரு லெட்டரு போடுங்க" என்றாள் மனைவி.

"புகார வாபஸ் வாங்கலாம். குற்றத்த வாபஸ் வாங்க முடியாது."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எந்த விதியின் கீழும் கொண்டுவர முடியாது.

இரண்டு நாள் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து இருவர் வந்தார்கள். காது குத்திலிருந்து திரும்பியிருந்த கீரைக்கார அம்மாள் கதவைத் திறந்துவிட்டார். நான் கேமராவில் இருந்தேன். கண்ணியமானவர்கள். ஆமையைத் தூக்கிப் புரட்டிப் பார்த்து, "ஓட்டுல வெடிப்பு இல்ல சார். நல்லாத்தான் வச்சிருந்திருக்கீங்க" என்றார் மூத்தவர். உட்கார்ந்து மகஜர் எழுதினார். ஆமை ஒன்று. ஒப்புகை நகல் கேட்டேன். அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஒரு நீல பிளாஸ்டிக் பெட்டியில் கோணியை விரித்து அதை வைத்தார்கள். தலையை இழுத்துக்கொண்டது. என் கைப்பேசி, கொல்லையில் அசைவு இருப்பதாக மூன்று முறை செய்தி அனுப்பியது. பெட்டி போன பிறகு அனுப்பவில்லை.

வழக்கு வந்தால் சந்திக்கத் தயாராக இருந்தேன். அது இன்றுவரை வரவில்லை; வந்தால் முதல் வரியிலேயே ஒப்புக்கொள்வேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு. வெயிலில் கிடந்த ஆமைகள் அன்றைக்குப் பிழைத்துவிட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்து உள்ளுறுப்பு கெட்டுச் சாவதும் உண்டு என்று மகளைப் பார்க்க வந்த மருத்துவர் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். மனித மருத்துவர்தான். ஆனாலும் சொல்லிவிட்டார்.

ஜூன் முதல் வாரத்தில் கடிதம் எழுதினேன். கேள்வி ஒன்றே ஒன்று: மேற்படி ஆமை உயிருடன் உள்ளதா? கூடவே இரண்டு பக்கம் இணைப்பு. ஆழமான தட்டில் குடிக்காது. கீரையைக் காம்போடு போட்டால் ஒதுக்கிவிடும். தக்காளி அதிகமானால் வயிறு போகும். மழை வரும்போது நடுவெளியில் போய் நிற்கும், உடம்பு சரியில்லை என்று நினைத்துத் தூக்க வேண்டாம். மனைவி சொல்லச் சொல்ல எழுதினேன். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்ததைவிட அதிகம்.

பதில் இல்லை. ஜூன் கடைசியில் நினைவூட்டல் ஒன்று. ஜூலை முதல் வாரத்தில் மதுரைக்குத் திரும்பியதும் நேரில் போனேன். தொலைபேசியில் பேசிய அதே பெண். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"அது இங்க இல்லைங்கய்யா. மீட்பு மையத்துக்கு அனுப்பியாச்சு. அங்க எழுதிக் கேட்டிருக்கோம். கோப்பு சுற்றுல இருக்கு."

"உயிரோட இருக்காம்மா? வாயால சொன்னாப் போதும்."

"எனக்குத் தெரியாததைச் சொல்லக் கூடாதுல்லங்கய்யா."

சரியான பதில். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்து, வண்டியைக் கிளப்ப முடியாமல், வேப்பமரத்தடியில் சாவியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். அதற்குரிய நாட்களை எண்ணினேன். முதல் மேல்முறையீட்டை அப்போதே தட்டச்சு செய்து, தேதி மட்டும் போடாமல் வைத்தேன்.

பக்கத்து வீட்டில் கல்யாணம் முடிவாகியிருந்தது. பார்க்க வந்தவர்கள் சரி என்று சொல்லி அனுப்பியது, நீலப் பெட்டி எங்கள் வீட்டை விட்டுப் போன அன்று சாயங்காலமாம். பத்திரிகை வைக்க வந்த வீட்டுக்காரர், "பாத்தீங்களா சார், அது போன நேரம்" என்றார். பின்னால் நின்ற பெண் என்னைப் பார்த்தாள். நான் பத்திரிகையைப் பார்த்தேன்.

கேமராக்களைக் கழற்றச் சொல்லவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே கைப்பேசியில் கொல்லையைப் பார்ப்பேன். பத்தடியில் இருக்கும் கொல்லை. மனைவி காலையில் செம்பருத்தியைக் கிள்ளி நான்காவது கல்லில் போட்டுவிட்டு, போட்டது நினைவுக்கு வந்ததும், துடைப்பத்தால் கூட்டித் தள்ளுவாள். மறுநாளும் போடுவாள்.

பதில் சாதாரணத் தபாலில் வந்தது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றாள். பிரித்தேன். ஒரு பக்கம்கூட இல்லை. மேற்படி ஆமை மீட்பு மையத்தில் பராமரிப்பில் உள்ளது. உணவு குறைவாகவே உட்கொள்கிறது. இக்கடிதத் தேதியில் உயிருடன் உள்ளது.

"உசுரோட இருக்குன்னு போட்டிருக்காகள்ல?" என்றாள். "திரும்பப் படிங்க."

திரும்பப் படித்தேன். கடிதத்தின் மேல் இருந்த தேதி ஜூலை ஏழு. அவளிடம் அதைச் சொல்லவில்லை. உறையின் பின்பக்கத்தில், வழக்கப்படி, பெறப்பட்ட நாளை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: ஆகஸ்ட் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை.